ஊசியிலை இருந்தால் பைனஸ் ஆகிவிடுமா? பெயர் தெரியாத மென்மரத்தை அடையாளம் காணும் வழி

யாழ்ப்பாணத்தில் 'பைன்' என்ற பெயரில் மூன்று பொருள்கள் புழங்குகின்றன. காரைநகர் கசூரினா கடற்கரையில் காற்றுக்கு இரைந்துகொண்டு நிற்கும் மரம் ஒன்று. தேவாலய முற்றங்களிலும் சில வீட்டு வளவுகளிலும் அடுக்கடுக்காகக் கிளைவிட்டு நிற்கும் நத்தார் மரம் இரண்டாவது. கப்பலில் சாமான் ஏற்றி வந்த பலட்டைக் கழற்றி எடுத்த வெளிர்மஞ்சள் பலகை மூன்றாவது. இந்த மூன்றில் உண்மையான பைன் ஆக இருக்கக்கூடியது பலகை மட்டும்தான். அதுவும் எப்போதும் அல்ல. கடற்கரையில் நிற்பது சவுக்கு. அது பூக்கும் தாவரம். பைனுக்கு வேம்பு எவ்வளவு தூரத்து உறவோ, சவுக்கும் அவ்வளவு தூரத்து உறவு. நத்தார் மரம் கூம்புத் தாவரம்தான், ஆனால் குடும்பம் வேறு.

இந்தக் குழப்பம் வருவதற்கு நல்ல காரணம் உண்டு. இலங்கையில் இயற்கையாக வளரும் கூம்புத் தாவரம் ஒன்றுகூட இல்லை. மலைநாட்டில் வரிசையாக நிற்கும் பைனஸ் காடுகள் (பைனின் தாவரவியற் பெயர்தான் பைனஸ்) எல்லாம் மனிதர் நட்டவை. தென்னிந்தியா முழுவதற்குமே மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரேயொரு இனம்தான் சொந்தக் கூம்புத் தாவரம். முதிரையையும் பாலையையும் சீவுளி போட்ட கணத்தில் சொல்லிவிடும் தச்சருக்குக்கூட, ஸ்புரூஸ் என்ற குளிர்நாட்டுக் கூம்பு மரத்தின் பலகையையும் பைன் பலகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் கிடைத்திருக்காது. பழக்கம் கைகொடுக்காத இடத்தில் முறைதான் கைகொடுக்க வேண்டும். அந்த முறை இதுதான்: மரம், ஊசியிலை, கூம்பு என்ற மூன்று சாட்சிகளையும் தனித்தனியாக விசாரித்து, பொருந்தாத பெயர்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவது.

மென்மரம் என்றால் மெத்தென்ற மரம் அல்ல

மென்மரம், வன்மரம் என்ற சொற்கள் கடினத்தைக் குறிப்பதாகத்தான் யாரும் முதலில் நினைப்பார்கள். உண்மையில் அவை தாவரக் குலத்தைக் குறிக்கின்றன. பழத்தால் மூடப்படாமல், செதிலின் மேல் வெறுமனே விதை வைக்கும் மரங்களைப் பள்ளிப் பாடத்தில் வித்துமூடியிலிகள் என்று படித்திருப்போம். பைன், ஸ்புரூஸ், சைப்பிரஸ் போன்ற கூம்புத் தாவரங்கள் இதில் அடங்கும். இவற்றின் மரம்தான் மென்மரம். பூத்து, காய்த்து, காய்க்குள் விதை வைக்கும் அகன்ற இலை மரங்கள் வித்துமூடியுளிகள். அவற்றின் மரம் வன்மரம். வேம்பு, தேக்கு, பலா எல்லாம் அந்தப் பக்கம்.

ஆகவே பெயருக்கும் கைக்கும் அடிக்கடி முரண்படும். விளையாட்டு விமானம் செய்யும் பால்சா கன மீற்றருக்கு 160 கிலோகிராம் அளவே நிறையுள்ளது. நகத்தால் அழுத்தினாலே குழி விழும். ஆனாலும் அது வன்மரம். ஐரோப்பாவில் வில் செய்யப் பயன்பட்ட யூ மரம் அதைப்போல் நான்கு மடங்கு கனமானது, அது மென்மரம். நம்முடைய சவுக்கு கன மீற்றருக்கு 900 கிலோகிராம் அளவுக்குப் போகும். ஊசியிலை மாதிரியே தோற்றம் இருந்தும் அது வன்மரக் கணக்கில்தான் வரும்.

உள்ளமைப்பில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. வன்மரத்தில் நீரைக் கொண்டுபோகத் தனிக் குழாய்கள் உண்டு, அவை காழ்க்கலன்கள். பலகையின் முனையை வெட்டிப் பார்த்தால் சின்னத் துளைகளாகத் தெரிவது அவைதான். மென்மரத்தில் அந்தக் குழாய்கள் இல்லை. குழற்போலிகள் என்ற, இரு முனையும் மூடிய நீண்ட கலங்களே நீரையும் கடத்தி மரத்தையும் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் 3 முதல் 5 மில்லிமீற்றர் நீளம். மரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இவையே. அதனால்தான் பைன் பலகையின் வெட்டுமுகம் துளை இல்லாமல் ஒரே சீராக இருக்கிறது.

பனை இந்த இரண்டிலும் சேராது. அது ஒருவித்திலை. கூரையில் கிடக்கும் பனஞ்சிலாகையின் வெட்டுமுகத்தில் தெரியும் கறுப்பு நார்ப் புள்ளிகளுக்கும் ஆண்டு வளையத்துக்கும் தொடர்பில்லை.

முதற் கேள்வி: சவுக்கா, உண்மையான ஊசியிலையா?

நம்மூரில் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. ஆங்கிலத்தில் சவுக்குக்கு 'அவுஸ்திரேலியப் பைன்' என்ற பெயர் வேறு இருப்பதால் இணையத்தில் தேடினாலும் குழப்பம் தீராது. ஆனால் கையில் ஒரு துண்டு இருந்தால் அரை நிமிடத்தில் தீர்த்துவிடலாம்.

மணற்காட்டுச் சவுக்கங்காட்டிலோ கசூரினாவிலோ கீழே கிடக்கும் பச்சை 'ஊசி' ஒன்றை எடுங்கள். இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள். அது கிழியாது, கழன்று வரும். ஒரு துண்டு அடுத்த துண்டுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். கழன்ற மூட்டில் கைவில்லையை வைத்தால் குட்டிக் குட்டிப் பற்கள் வட்டமாக நிற்பது தெரியும். கடற்கரைச் சவுக்கில் ஒரு மூட்டுக்கு 6 முதல் 8 பற்கள் இருக்கும். அந்தப் பற்கள்தான் சவுக்கின் இலைகள். நாம் ஊசி என்று நினைத்த பச்சை நூல் உண்மையில் அதன் சிறுகிளை. இலை சுருங்கிப் பல்லாகிவிட, உணவு தயாரிக்கும் வேலையைக் கிளையே செய்கிறது. பைன் ஊசியில் மூட்டு கிடையாது. அடி முதல் நுனி வரை ஒரே இலை.

காயும் ஏமாற்றும். சவுக்கங்காய் 1 முதல் 2.5 சென்ரிமீற்றர் நீளத்தில் சின்னப் பைன் கூம்பைப்போலவே இருக்கிறது. உலர்ந்த காயை உற்றுப் பாருங்கள்: மேற்பரப்பு முழுவதும் குருவிக்குஞ்சுகள் வாய் பிளந்த மாதிரி இரட்டை உதடுகள். ஒவ்வொரு வாய்க்குள்ளும் ஒரேயொரு விதை, ஒற்றைச் சிறகோடு. பைன் கூம்பில் உதடு இல்லை, தனித்தனிச் செதில். ஒவ்வொரு செதிலின் மேற்பக்கத்திலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விதைகள் பதிந்த தடம் இருக்கும். விதை பறந்துபோன பிறகும் அந்த இரண்டு தடங்களும் மறையாது.

கையில் பலகை மட்டும் இருந்தால்

இதுதான் யாழ்ப்பாணத்தில் கூடுதலாக நேர்வது. இலை இல்லை, கூம்பு இல்லை, பட்டைகூட இல்லை. பலட்டிலிருந்தோ சாமான் பெட்டியிலிருந்தோ வந்த பலகை மட்டும்தான். தேவையான கருவிகள் மூன்று: புதிய பிளேட், பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை, கொஞ்சம் தண்ணீர்.

1. வெட்டுமுகத்தைத் தயார் செய்யுங்கள். பலகையின் அகலப் பக்கத்து நெளிவுகளைப் பார்த்து மரத்தின் பெயரைச் சொல்ல முடியாது. முனைதான் பேசும். வாள் அறுத்த முனை நசுங்கிக் கிடக்கும். அதில் ஒன்றும் தெரியாது. நகத்தின் அளவு இடத்தைப் பிளேட்டால் ஒரே இழுப்பில் மெல்லியதாகச் சீவி, ஈரவிரலால் தடவுங்கள். மங்கலாக இருந்த முகம் உடனே தெளியும்.

2. துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஊசி குத்தியது போன்ற துளைகள் பரவலாக இருந்தால் அது மென்மரம் அல்ல. அந்த இடத்திலேயே விசாரணையை நிறுத்தலாம். றப்பர் மரத்திலும் பலட் அடிக்கிறார்கள்; நிறம் பைன் மாதிரியே வெளிறி இருக்கும், ஆனால் துளை காட்டிக்கொடுத்துவிடும்.

3. பிசின் கால்வாய்களைத் தேடுங்கள். மென்மரத்தில் இதுதான் மிகப் பெரிய தடயம். வளையத்தின் கருமையான பகுதியிலோ அதை ஒட்டியோ வெளிறிய, சில வேளை பளபளக்கும் புள்ளிகள் தெரிந்தால் அவை பிசின் ஓடிய கால்வாய்கள். வியாபாரத்துக்கு வரும் மென்மரங்களில் இவை இயல்பாகவே இருப்பது பைன், ஸ்புரூஸ், லார்ச், டக்ளஸ் ஃபிர் (பெயரில் ஃபிர் இருந்தாலும் இது உண்மையான ஃபிர் அல்ல) என்ற நான்கு வகைகளில். பைனில் அவை பெரியவை, ஏராளமானவை, தனித்தனியாகச் சிதறியவை; வெறுங்கண்ணுக்கே தெரியலாம். பலகையின் நீளப் பக்கத்தில் இவை மெல்லிய கபில நிறக் கோடுகளாக ஓடும். மற்ற மூன்றிலும் கால்வாய்கள் சிறியவை, குறைவானவை, இரண்டு மூன்றாக ஒட்டி நிற்பவை. கால்வாயே இல்லாவிட்டால் ஃபிர், ஹெம்லொக், சைப்பிரஸ், தேவதாரு, நத்தார் மரம் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு எச்சரிக்கை: காயம்பட்ட ஃபிர் மரமும் பிசின் கால்வாய் உண்டாக்கும். அவை ஒரே வரியில், வேலிக்கதியால் நட்ட மாதிரி நெருக்கமாக நிற்கும். அந்த வரிசையை இயல்பான கால்வாய் என்று எண்ணக்கூடாது.

4. வளையத்தின் மாற்றத்தைப் பாருங்கள். மரம் வேகமாக வளரும் பருவத்தில் வெளிறிய பகுதியும், பருவத்தின் கடைசியில் கருமையான பகுதியும் உருவாகின்றன. வெளிறலிலிருந்து கருமைக்கு மாறுவது சில மரங்களில் வெட்டியது போல் சட்டென்று நடக்கும். லார்ச், டக்ளஸ் ஃபிர், நம் மலைநாட்டில் நட்ட கரிபியன் பைனஸ் அந்த வகை. ஸ்புரூஸில் மெல்ல மெல்லக் கரைந்து மாறும்.

5. நிறமும் மணமும் துணைச் சாட்சிகள்தான். டக்ளஸ் ஃபிரின் வைரம் (மரத்தின் நடுப்பகுதி) சிவப்புச் சாயல் கொண்டது. ஸ்புரூஸில் வைரத்துக்கும் பட்டையை ஒட்டிய வெளிப்பகுதியான வெளிறுக்கும் நிற வேறுபாடே தெரியாது. புதிதாகச் சீவிய பைன் டர்பன்டைன் வாசனை வீசும். பல மாதம் வெயிலில் கிடந்த பலகையில் மணம் போயிருக்கும், நிறமும் மாறியிருக்கும்.

6. நிறுத்துப் பாருங்கள். 100 சென்ரிமீற்றர் நீளம், 9 அகலம், 2 தடிப்பு உள்ள பலகையின் கனவளவு 1,800 கன சென்ரிமீற்றர். அது 810 கிராம் நிறுத்தால் கன மீற்றருக்கு 450 கிலோகிராம். காய்ந்த ஸ்புரூஸும் இலேசான பைன் வகைகளும் இந்த அளவில் நிற்கும். முதிரை இதைப்போல் இரண்டு மடங்கு.

இவ்வளவும் செய்தால் எங்கே போய்ச் சேருவோம்? 'இது பைன்' என்ற இடம் வரைக்கும் நம்பிக்கையோடு போகலாம். 'இது எந்தப் பைன்' என்பதை மரத்தை மட்டும் வைத்துக் கைவில்லையால் சொல்ல முடியாது. நுணுக்குக்காட்டியில் கலங்களுக்கிடையிலான குழிகளின் வடிவத்தைப் பார்க்கும் ஆய்வாளரும் பெரும்பாலும் ஒரு சிறு குழுவைத்தான் சொல்வார். கனடாவிலிருந்து வரும் கட்டட மரத்தை ஸ்புரூஸ், பைன், ஃபிர் மூன்றையும் சேர்த்து 'எஸ்.பி.எஃப்.' என்ற ஒரே பெயரில் விற்பது வழக்கம். மூன்றும் ஒரே காட்டில் வளர்கின்றன, வலுவும் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே பிரித்து விற்க வேண்டிய தேவை வியாபாரிக்கு இல்லை.

வளையங்களை எண்ணி வயது சொல்வதிலும் அவசரப்படக்கூடாது. குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுபோகும் நாடுகளில் வளையம் ஒன்றுக்கு ஆண்டு ஒன்று. வெப்பநாட்டில் வளர்ந்த பைனஸில் மழைக்கும் வறட்சிக்கும் ஏற்றபடி ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வளையமும் விழும், வளையம் தெளிவில்லாமலும் போகும்.

பலட்டின் முத்திரை என்ன சொல்கிறது?

பலகையில் சுட்டோ மையடித்தோ பதித்த ஒரு சதுர முத்திரை இருக்கும். அதற்குள் கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னம். நாடு விட்டு நாடு போகும் மரப் பொதிகளில் பூச்சி பரவாமல் தடுக்க 2002இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட சர்வதேச விதியின் அடையாளம் அது. பைன் மரங்களைக் கொல்லும் நூற்புழு ஒன்று வண்டுகள் மூலம் மரத்துக்கு மரம் தாவுகிறது. அதைப் போன்றவை சாமான் பெட்டியில் ஏறி நாடு கடக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

முத்திரையில் உள்ள இரண்டு எழுத்து நாட்டின் குறி. என்.இசட். என்றால் நியூசிலாந்து, சி.எல். என்றால் சிலி, டி.ஈ. என்றால் ஜேர்மனி. அடுத்து வருவது செய்த சிகிச்சை. எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியசில் தொடர்ந்து 30 நிமிடம் சூடாக்கியது. எம்.பி. என்றால் மெதைல் புரோமைட் என்ற நச்சுவாயு ஊட்டியது.

அடையாளம் காண இது உதவும், ஆனால் கவனம் வேண்டும். நியூசிலாந்திலும் சிலியிலும் பெருந்தோட்ட மரம் என்றாலே பெரும்பாலும் ரேடியாட்டா பைன்தான். ஆகவே அந்தக் குறியும் பெரிய பிசின் கால்வாயும் சேர்ந்து வந்தால் அந்தப் பெயர் வலுப்பெறும். ஆனாலும் முத்திரை சொல்வது மரத்துக்குச் சிகிச்சை செய்த நாட்டை. மரம் வளர்ந்த நாடு வேறாக இருக்கலாம். பழுதுபார்த்த பலட்டில் ஒரு பலகை ஒரு மரம், பக்கத்துப் பலகை இன்னொரு மரம் என்றும் இருக்கும்.

ஊசியிலை: எண்ணிக்கை முதலில், நீளம் பிறகு

மரம் நிற்கிறது, இலை கிடைக்கிறது என்றால் வேலை பாதி முடிந்தது. முதலில் பார்க்க வேண்டியது ஊசி கிளையில் எப்படி ஒட்டியிருக்கிறது என்பதை.

1. கட்டுக் கட்டாக இருந்தால் பைன். இரண்டு, மூன்று அல்லது ஐந்து ஊசிகள் அடியில் ஒரு காகித உறைக்குள் செருகியிருக்கும்.
2. ஒற்றை ஒற்றையாக இருந்து, விரல்களுக்கிடையில் வைத்து உருட்டினால் உருளுமானால் ஸ்புரூஸ். அதன் ஊசிக்கு நான்கு பட்டை. உதிர்ந்த இடத்தில் கிளையில் சின்ன முளை மிஞ்சும். காய்ந்த கிளையைத் தடவினால் அரம் போலச் சொரசொரக்கும்.
3. ஒற்றையாக இருந்து, தட்டையாக, உருளாமல் இருந்தால் ஃபிர், ஹெம்லொக் அல்லது டக்ளஸ் ஃபிர். ஃபிரின் ஊசியைப் பிடுங்கினால் கிளையில் வட்டத் தழும்பு மட்டும் மிஞ்சும்.
4. குட்டைக் குருத்தின் நுனியில் பத்து இருபது ஊசிகள் கொத்தாக இருந்தால் தேவதாரு அல்லது லார்ச். லார்ச் குளிர்காலத்தில் இலையை முழுவதும் உதிர்த்துவிடும்.
5. ஊசியே இல்லாமல் பல்லிச் செதில் மாதிரி கிளையோடு ஒட்டிக்கிடந்தால் சைப்பிரஸ் குடும்பம்.

பைன் என்று தெரிந்தபின் கட்டுக்கு எத்தனை ஊசி என்று எண்ணுங்கள். இதைச் சரிபார்க்க அழகான ஒரு வழி உண்டு. ஒரு கட்டின் ஊசிகளைப் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்து உருட்டிப் பாருங்கள். அவை முழு உருளையாகப் பொருந்தும். இரண்டு ஊசிக் கட்டில் ஒவ்வொன்றும் அரைவட்டம். மூன்று ஊசிக் கட்டில் ஒவ்வொன்றும் வட்ட அப்பத்தை மூன்றாகப் பகிர்ந்த துண்டு மாதிரி, இரண்டு தட்டைப் பக்கமும் ஒரு வளைந்த பக்கமும். ஐந்து ஊசிக் கட்டில் அந்தத் துண்டு இன்னும் ஒடுங்கும். ஆகவே உதிர்ந்த ஒற்றை ஊசி மட்டும் கிடைத்தாலும், அதைக் குறுக்கே வெட்டிக் கைவில்லையால் பார்த்தால் அதன் கட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கணித்துவிடலாம்.

ஒரு கட்டை எண்ணி முடிவு செய்யாதீர்கள். ஒரே மரத்தில் மூன்றும் நான்கும் கலந்து வரும். கரிபியன் பைனஸில் பெரும்பாலானவை மூன்று. இடையிடையே வேறு எண்ணிக்கையும் தலைகாட்டும். இருபது கட்டாவது எண்ணி, எது அதிகமோ அதை எடுங்கள். நீளம் இரண்டாவது. கரிபியன் பைனஸின் ஊசி 15 முதல் 25 சென்ரிமீற்றர். ரேடியாட்டாவுக்கும் மூன்று ஊசிதான், ஆனால் சுமார் 15 சென்ரிமீற்றருக்குள் நின்றுவிடும். ஐரோப்பிய ஸ்கொட்ஸ் பைனுக்கு இரண்டே ஊசி, 4 முதல் 7 சென்ரிமீற்றர், முறுக்கிய வடிவம், நீலம் கலந்த பச்சை.

கூம்பு: ஈரத்தில் ஒரு முகம், வெயிலில் ஒரு முகம்

கூம்பைப் படத்தோடு ஒப்பிடும் முன் அதை உலர்த்துங்கள். பைன் செதிலின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஈரத்துக்கு ஒரே அளவில் ஊதுவதில்லை. ஆகவே நனைந்தால் செதில்கள் இறுக மூடிக்கொள்ளும், உலர்ந்தால் விரியும். செத்த கூம்பும் இதைச் செய்யும். திறந்த கூம்பு ஒன்றை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். வேறொரு மரத்தின் கூம்பு என்றே நினைப்பீர்கள். மாரி காலத்தில் எடுத்த கூம்பைப் படத்தோடு ஒப்பிட்டுப் பலர் தவறுவது இதனால்தான்.

செதிலின் வெளிமுனையில் கொப்பூழ் மாதிரி ஒரு சின்ன மேடு இருக்கும். பைன் கூம்பு முற்றப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு எடுக்கும். அந்த மேடு முதலாண்டு வளர்ச்சியின் அடையாளம். மேடு செதிலின் முதுகில் இருந்தால் இரண்டு மூன்று ஊசிப் பைன்களின் பக்கம். செதிலின் நுனியிலேயே இருந்தால் பெரும்பாலும் ஐந்து ஊசிப் பைன்களின் பக்கம். மேட்டில் முள் உண்டா என்பதையும் விரலால் தடவிப் பாருங்கள்.

பைன் அல்லாதவற்றில் கூம்பு இன்னும் வெளிப்படையாகப் பேசும். ஸ்புரூஸின் கூம்பு கீழ்நோக்கித் தொங்கும், முழுதாக விழும். ஃபிரின் கூம்பு கிளைமேல் நிமிர்ந்து நிற்கும். மரத்தில் இருந்தபடியே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். ஆகவே நிலத்தில் முழுக் கூம்பு கிடந்தால் அது ஃபிர் அல்ல என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். டக்ளஸ் ஃபிரில் ஒவ்வொரு செதிலுக்கும் வெளியே சூலம் போல மூன்று முனையுள்ள தாள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். உலகில் வேறெந்தக் கூம்போடும் குழம்பாத அடையாளம் அது. சைப்பிரஸின் கூம்பு கோலிக்குண்டு மாதிரி உருண்டை. செதில்கள் கேடயங்களை ஒட்டவைத்தது போல இருக்கும்.

நம்மூரில் நிற்கக்கூடியவை

நத்தார் மரம் என்று நாம் வளர்ப்பது அரக்கேரியா. நோர்போக் தீவுப் பைன் என்றும் குக் பைன் என்றும் இரண்டு இனங்கள். இரண்டும் 1774இல் கப்டன் குக்கின் பயணத்தில் ஐரோப்பியர் கண்ணில் பட்டவை. கிளைகள் சக்கரத்தின் ஆரைகள் போல ஒரே மட்டத்தில் பிரியும். இலை தும்புத்தடி நுனி மாதிரி உள்நோக்கி வளைந்து கிளையை மூடியிருக்கும். கட்டும் இல்லை, உறையும் இல்லை. நாற்றுமேடையில் நோர்போக் என்று விற்பது பல இடங்களில் உண்மையில் குக் பைன். பெரிய மரமானால் ஒரு துப்பு உண்டு: குக் பைன் பூமத்திய கோட்டை நோக்கிச் சரிந்து வளர்வதாகப் பல நாடுகளில் மரங்களை அளந்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. நாம் கோட்டுக்கு வடக்கே இருப்பதால் இங்கே அது தெற்கே சரிய வேண்டும்.

தொட்டிகளிலும் வாசலிலும் வைக்கும் துஜா இன்னொன்று. விரித்த கை மாதிரித் தட்டையான செதிலிலைக் கிளைகள் நிலைகுத்தாக நிற்கும். காய் நீலம் படர்ந்து, நுனியில் கொக்கி வளைந்திருக்கும். அது சைப்பிரஸ் குடும்பம்.

மலைநாட்டுச் சுற்றுலாவில் பையில் போட்டுக்கொண்டு வரும் கூம்பு மூன்றாவது வகை. கண்டி ஹந்தானையில் எடுத்த கூம்பு என்று வைத்துக்கொள்வோம். கூடவே விழுந்த ஊசி: கட்டுக்கு மூன்று, 20 சென்ரிமீற்றர். கூம்பு நிலத்தில் கிடந்தது, விரிந்தது, கையளவுக்குள் அடங்குவது, செதிலின் முதுகில் சின்ன முள். மூன்று ஊசி என்றதும் ஸ்கொட்ஸ் பைன் போய்விட்டது. நீளத்தால் ரேடியாட்டா போனது. உயரமான பகுதிகளில் நட்ட பட்டுலா பைனஸுக்கும் மூன்று ஊசி, நீளமும் ஒத்துவரும். ஆனால் அதன் ஊசி மெலிந்து தலைமுடி போலத் தொங்கும், கூம்பு வளைந்து கிளையோடு பல ஆண்டு மூடிக்கிடக்கும். மிஞ்சுவது கரிபியன் பைனஸ். இலங்கையில் வறண்ட புல்நிலங்களிலும் கைவிட்ட தேயிலை நிலங்களிலும் பெருமளவில் நடப்பட்டது அதுவே என்பதால் இடமும் ஒத்துப்போகிறது. ஒரு ஊசி, ஒரு கூம்பு, ஒரு இடம்: மூன்றும் ஒரே பெயரைச் சொன்னால்தான் அந்தப் பெயரை எழுத வேண்டும்.

பெயர் தெரிந்தால் என்ன மாறும்?

முதலாவது கறையான். பைனின் வெளிறுக்குக் கறையானை எதிர்க்கும் சக்தி இல்லை. முதிரைக் கதவு இரண்டு தலைமுறை நின்ற வீட்டில், மருந்தேற்றாத பைன் நிலைக்கதவை நிலத்தோடு தொடும்படி வைப்பது காசை மண்ணில் போடுவது. சுவரில் அடித்த தட்டு, புத்தக அலுமாரியின் உட்பலகை என்றால் தாராளமாகப் பாவிக்கலாம்.

இரண்டாவது மருந்து. பைனின் வெளிறு மருந்தை நன்றாக உறிஞ்சும். ஸ்புரூஸ் காயும்போது அதன் கலங்களுக்கிடையிலான வழிகள் அடைபட்டுவிடும். பிறகு மருந்து மேற்தோலோடு நின்றுவிடும். இரண்டுக்கும் ஒரே மருந்தைப் பூசி ஒரே ஆயுளை எதிர்பார்க்க முடியாது. பெயர் தெரியாமல் இந்த முடிவை எடுக்கவே முடியாது.

மூன்றாவது பிசின். பைன் கணுக்களிலிருந்து நம்முடைய பங்குனி சித்திரை வெயிலுக்குப் பிசின் கசிந்து பூச்சைக் கிளப்பும். கணுவில் முதலில் அரக்குக் கரைசல் தடவி அடைத்துவிட்டுப் பிறகு பெயின்ற் அடிக்க வேண்டும். ஃபிரில் இந்தத் தொல்லை குறைவு.

நான்காவதுதான் பாரதூரமானது. குழந்தையின் கட்டிலுக்கோ குசினித் தட்டுக்கோ பலட் பலகை எடுப்பதானால் எச்.டி. முத்திரை உள்ளதை மட்டும் எடுங்கள், எம்.பி. வேண்டாம். வெளிப்பாவனைக்கான கம்பங்களிலும் வேலிக்கால்களிலும் பச்சைச் சாயல் தெரிந்தால், அது பெரும்பாலும் செம்பும் குரோமியமும் ஆசனிக் என்ற நஞ்சும் சேர்ந்த மருந்து ஏற்றிய பைன். அதன் மிச்சத் துண்டை அடுப்பில் வைக்கவே கூடாது. புகையிலும் ஆசனிக் போகும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலை வழக்கம்போல வாழையடியிலோ கீரைப் பாத்தியிலோ கொட்டினால் மழையோடு கீழே இறங்கும். யாழ்ப்பாணத்து மண்ணின் அடியில் கிடப்பது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணாம்புக்கல். குடிக்கும் கிணற்றுக்கு நீர் ஊறுவதும் அதே கல்லிலிருந்துதான்.